கார்காலத்துக் கார்

'கார்' என்னும் சொல்லுக்குக் கருமை, மேகம், மழை, மழைக்காலம், கார்நெல் என அகராதிகள் பல பொருள் கூறும். மோட்டார் வண்டி என்னும் பொருள் அவ்வரிசையில் மிகப் பிந்தி வந்து சேர்ந்தது. தமிழ் ஆனர்ஸ் வகுப்பிற் பயிலும் மாணவன் ஒருவன் ஆண்டு மலருக்குக் காரைப்பற்றி எழுதப் புகுந்தான் என்றவுடன், முல்லைத் திணையைப்பற்றி ஏதோ கூறப்போகின்றான் என்று அன்பர்கள் கருதக்கூடும். அவர்களை முதலிலேயே ஏமாற்றிவிடுதல் நலம். யான் கூறப்போவது நான்கு சக்கரமும், எஃகுச் சட்டமும், 948 கன சென்டிமீட்டர் எந்திரமும் உடைய பழைய மோட்டார் வண்டி ஒன்றைப்பற்றியே. எனினும், மழைக்காலத்தில் அஃது எவ்வாறு காக்கப்பெறுகின்றது என்பதே என் பொருளாதலின், தலைப்பு இரு வகையாலும் பொருந்தும் என எண்ணினேன். எங்கள் பேராசிரியர் இதனைக் கண்டு, "கார் என்பது ஆவணியும் புரட்டாசியும். நீ கூறும் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர், மார்கழியும் தையும் முன்பனி" என்று திருத்தினார். அவர் கூறியது முற்றும் உண்மை. ஆயினும் 'கூதிர்காலத்துக் கார்' என்றால் ஓசை சிறவாமையின், பழைய தலைப்பையே வைத்துக்கொண்டேன், பொறுத்தருள்க.

எங்கள் ஊர் அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் இடையே, குன்னம் வட்டத்தைச் சார்ந்த ஒரு சிற்றூர். பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் நிலம்; அரியலூர்ப் பக்கம் சிமெண்டு ஆலைகளுக்குக் கல் வெட்டியெடுக்கும் சுண்ணாம்புப் பூமி. என் பாட்டனார் இப்பகுதிகளில் கால்நடை மருத்துவராகப் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர். அவர் பணிபுரிந்த நாளில் இவையெல்லாம் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன. ஊர் ஊராகச் சென்று மாடு பார்க்கும் பொருட்டு, 1974-ஆம் ஆண்டில் அவர் சென்னையிலிருந்து ஒரு பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு வண்டியை வாங்கி வந்தார். இரண்டு கதவுடையது, வெளிறிய நீல நிறத்தது.

இவ்வண்டியின் குலமுறையைச் சிறிது கூறுதல் வேண்டும். 1959-இல் இங்கிலாந்தில் டிரயம்ப் ஹெரால்டு என்னும் பெயரோடு இது வெளிவந்தது. இதன் உருவத்தை வரைந்தவர் மிக்கேலோட்டி என்னும் இத்தாலியர். 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியார் இதனை நம் நாட்டுக்கெனச் செய்து விற்றனர். இதன் சட்டத்தைக் குறுக்கி அமைத்ததே 1962-இல் வந்த ஸ்பிட்ஃபயர் என்னும் திறந்த பந்தயக் கார். ஆகவே எங்கள் வண்டி பந்தயக் கார் அன்றெனினும் பந்தயக் காரின் உடன்பிறப்பு என்று சொல்லிக்கொள்ள உரிமை உண்டு. பாட்டனார் அவ்வுரிமையை விட்டுக்கொடுத்ததே இல்லை. சோழவரத்தில், இரண்டாம் உலகப் போரின்போது விமானங்களுக்கென அமைத்த ஓடுபாதையிற் பின்னாளில் நடந்த மோட்டார்ப் பந்தயங்களை அவர் இளமையிற் சென்று கண்டவர். அங்கு ஹெரால்டுகள் ஓடியதைக் கண்ட அன்றே தமக்கொன்று வேண்டும் என்று எண்ணினாராம். ஊர்ச் சிறுவர்களும் இதனைப் 'பந்தயக் கார்' என்றே அழைப்பர். அதில் பாதி மதிப்பு, பாதி ஏளனம்.

முல்லைத் திணையில் தலைவனுடைய தேர் மழைக்காலத்தில் வீடு நோக்கி விரைந்து வரும். எங்கள் தேரோ மழை தொடங்கியவுடன் கொட்டகைக்குள் புகுந்துவிடும்; தை பிறக்கும்வரை வெளிவராது. பனி பெய்யும் மேல்நாடுகளிலும் இத்தகைய கார்களைக் குளிர்காலத்தில் உறங்கவைப்பர் எனப் படித்திருக்கின்றேன். அவர்கள் அஞ்சுவது இரண்டிற்கு: பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்பு இரும்பை அரிக்கும், எந்திரத்திலுள்ள நீர் உறைந்தால் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு பருத்து வார்ப்பிரும்பையே பிளக்கும். எங்களூரில் நீர் உறைந்ததை எவரும் கண்டதில்லை. பின்னர், பாட்டனார் ஏன் காரை நிறுத்தினார்?

அதற்குக் காரணம் வேறு. 1956 நவம்பர் 23-ஆம் நாள் விடியற்காலையில், பெருமழையால் மருதையாறு பெருக்கெடுத்து இருப்புப்பாதையின் அடித்தளத்தை அரித்திருக்க, சென்னையிலிருந்து வந்த தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அரியலூரை அடுத்து ஆற்றில் வீழ்ந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அப்போது ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி துறந்தது யாவரும் அறிந்ததே. பாட்டனாருக்கு அன்று வயது பதினாறு. செய்தி கேட்டு ஊராரோடு நடந்து சென்று அவ்விடத்தைக் கண்டார். கண்டதை அவர் இன்றுவரை எவரிடமும் விரித்துக் கூறியதில்லை. ஆனால், கார்த்திகை மழையில் எந்தப் பாலத்தின்மேலும் தம் வண்டியை ஓட்டமாட்டார். அம்மாதங்களில் மாடு பார்க்கச் செல்ல வேண்டுமாயின் மாட்டு வண்டியிலோ நடந்தோ செல்வார். இப்படி வழக்கமாகிவிட்ட ஓய்வே, ஆண்டுதோறும் வண்டியைச் செப்பனிடும் காலமாகவும் ஆயிற்று.

நிற்க. சென்ற ஆண்டு ஆவணியில் பாட்டனாருக்கு வாதம் கண்டது. இறைவன் அருளால் பேச்சுக்குப் பழுதில்லை. வலக்கை மட்டும் அவர் சொற்கேளாமல் நின்றுவிட்டது. திருச்சியில் மருத்துவம் பார்த்த வகையில் கடன் ஏறியது. அந்நாளில் பழைய கார்களை வாங்கி விற்கும் வணிகர் ஒருவர் வந்து, ஹெரால்டைச் சுற்றிப் பார்த்து, 70,000 ரூபாய் தருவதாகச் சொன்னார். என் தந்தையார் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர், கணக்கறிந்தவர். "ஓட்டுபவர் இனி ஓட்டப்போவதில்லை, கொட்டகையில் துருப்பிடிப்பதைவிட விற்றுவிடுவது மேல்" என்றார். பாட்டனார் மறுமொழி கூறவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். யான்தான் இடையிற் புகுந்து, இம்மழைக்காலம் மட்டும் வண்டியை என்னிடம் விடுமாறும், தையில் அது கிளம்பாவிடின் விற்றுவிடுமாறும் கேட்டேன். "செலவு?" என்றார் தந்தையார். கல்லூரிகளுக்கிடையே நடந்த கட்டுரைப் போட்டியில் எனக்கு 2,000 ரூபாய் பரிசு கிடைத்திருந்தது. அதற்கு மேல் ஒரு காசும் கேட்கமாட்டேன் என்று வாக்களித்தேன்.

வாக்களித்தல் எளிது. யான் அதற்கு முன்னர்ச் செய்த காரியங்கள் என் பெருமைக்குரியவை அல்ல. என் பதினாறாம் வயதில், பாட்டனார் ஊரில் இல்லாத சமயம், வண்டி நனையாதிருக்கட்டும் என்று நெல் மூடும் பிளாஸ்டிக் படுதாவால் அதனை இறுகப் போர்த்திவிட்டேன். தையில் திறந்தபோது வண்டி வியர்த்திருந்தது. கூரைமேல் வண்ணம் கொப்புளங் கொப்புளமாகப் பொங்கியிருந்தது. வெளியிலிருந்து வரும் நீரைத் தடுத்தேன். தரையிலிருந்து எழும் ஈரத்தைச் சிறை வைத்துவிட்டேன். மறு ஆண்டு, எந்திரம் உறங்கிவிடாதிருக்க ஞாயிறுதோறும் ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்தினேன். அதுவும் பிழை. பெட்ரோல் எரியும்போது நீராவி உண்டாகின்றது. எந்திரம் நன்கு சூடேறுமுன் நிறுத்தினால் அந்நீர் சைலன்சரிலும் எண்ணெயிலும் தங்கி அரிக்கும். ஓட்டினால் அரைமணி நேரம் வெட்டவெளியில் ஓட்ட வேண்டும். இல்லையேல் தொடவே கூடாது. இவ்விரு பாடங்களையும் பாட்டனார் எனக்குக் கடிந்துரையாமலே கற்பித்தார். சைலன்சரைத் தட்டிக் காட்டினார். துருத்துகள் ஒரு கைப்பிடி உதிர்ந்தது. அவ்வளவே.

ஐப்பசி முதல் ஞாயிறன்று வேலை தொடங்கினோம். 'தொடங்கினோம்' என்பது பிழையன்று. கொட்டகை வாயிலிற் கயிற்றுக் கட்டிலைப் போட்டு அதிற் பாட்டனாரை அமர்த்தினேன். அவருடைய கண்ணும் நாவும் என் கைகளும் சேர்ந்து ஓராள் ஆயின.

"முதலில் மாட்டை வெளியே கட்டு, தம்பி" என்றார். அதனை யான் எதிர்பார்க்கவில்லை. எங்கள் கொட்டகையின் ஒரு பாதி மாட்டுத் தொழுவம். கோமியத்திலிருந்து எழும் அம்மோனியா ஆவி பித்தளையையும் செம்பையும் மெல்ல மெல்லக் கெடுக்குமாம். ரேடியேட்டர் முழுவதும் அவ்வுலோகங்களே. மாட்டின் வயிற்றையே ஐம்பது ஆண்டு ஆராய்ந்தவர் கூறும்போது மறுப்பதற்கென்ன? பசுவும் கன்றும் பின்புறத்துக் கீற்றுப் பந்தலுக்குக் குடிபெயர்ந்தன. முன்னர் வண்டியைப் போர்த்திக் கெடுத்த அந்தப் பிளாஸ்டிக் படுதாவையே இப்போது மண்தரையின்மீது விரித்து, அதன்மேல் வண்டியை நிறுத்தினோம். மேலே போர்த்தியது அம்மாவின் பழைய பருத்திப் புடவைகள் மூன்றைச் சேர்த்துத் தைத்த துணி. தூசியைத் தடுக்கும், காற்றைத் தடுக்காது.

அதற்கு முன்னர் அடிப்பாகத்தைக் கழுவ வேண்டியிருந்தது. ஹெரால்டுக்கு இக்காலத்துக் கார்களைப்போல உடலும் சட்டமும் ஒன்றல்ல. தனிச் சட்டத்தின்மீது உடலை மரையாணிகளால் முடுக்கியிருப்பர். சட்டத்திலிருந்து பக்கவாட்டில் நீளும் கைச்சட்டங்களே முதலில் துருவுக்கு இரையாகும் இடங்கள். சக்கரக் குடைவில் ஒட்டியிருக்கும் சேறு ஈரத்தைப் பஞ்சுபோலப் பிடித்து வைத்திருக்கும். மூங்கிற் குச்சியால் அதனைச் சுரண்டி, நீர் பாய்ச்சி, வெயிலில் இரண்டு நாள் உலர்த்தினேன். மழை இடையிடையே வந்து என் பொறுமையைச் சோதித்தது. உலர்ந்தபின், பழைய எந்திர எண்ணெயைத் துணியில் தோய்த்துச் சட்டத்தின் வெளிப்புறமெங்கும் மெல்லெனப் பூசினேன். கதவு ஓரத்து ரப்பருக்கு முகத்துக்கிடும் பவுடர். முலாம் பூசிய பம்பருக்கு வாசலின். இவை இரண்டுக்குமாக 80 ரூபாய்.

எந்திர எண்ணெயே பெருஞ்செலவு. அதற்கு மட்டும் 1,400 ரூபாய் போயிற்று. தையில் மாற்றிக்கொள்ளலாமே என்று கேட்டேன். பாட்டனார் ஒப்பவில்லை. ஓடித் தேய்ந்த எண்ணெயில் எரிபொருளின் அமிலமும் ஈரமும் கலந்திருக்கும். மூன்று மாதம் அதிலேயே தாங்கிகளை ஊறவைப்பது நோயாளியை அழுக்குப் படுக்கையிற் கிடத்துவதை ஒக்கும் என்றார். ஆதலின் உறங்கச் செல்லுமுன்னரே புதிய எண்ணெய். பின்னர் நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வோர் உருளைக்குள்ளும் ஒரு தேக்கரண்டி எண்ணெய் வார்த்து, வண்டியை மேல் கியரில் வைத்துச் சிறிது தூரம் தள்ளினேன். எந்திரம் ஓசையின்றிச் சுழன்றது. பதினைந்து நாளுக்கொருமுறை இவ்வாறு தள்ள வேண்டும். எந்திரச் சுவரில் எண்ணெய் பரவுவது ஒரு பயன்; டயர் ஒரே இடத்தில் அழுந்தித் தட்டையாகாதிருப்பது மற்றொன்று.

டயரைக் காக்க மரக்கட்டைமேல் வண்டியைத் தூக்கி வைக்கலாமே என்று சிலர் கூறுவர். வேறு கார்களுக்கு அது நல்ல முறையே. ஹெரால்டின் பின்சக்கரங்கள் நடுவிலிருந்து ஊசலாடும் அச்சுகளில் அமைந்தவை. தரையிற் படாமல் தொங்கினால் காலை மடக்கிய கொக்குபோல அடிப்பக்கம் உள்நோக்கி மடங்கும். அந்நிலையில் மாதக்கணக்கில் விடுதல் தகாது. ஆகவே சக்கரங்களிற் காற்றை மிகுத்துத் தரையிலேயே நிறுத்தினேன். கைப் பிரேக்கைப் போடவில்லை. ஈரக் காலத்தில் பிரேக் கட்டைகள் உள்ளே ஒட்டிக்கொள்ளும். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் புளிய மரக்கட்டை அணை. கிளச்சுத் தகடும் அவ்வாறே ஒட்டிக்கொள்ளுமாதலின், மிதிபலகையை அழுத்தி, இருக்கைக்கும் அதற்கும் இடையில் ஒரு மூங்கிற் கோலை முட்டுக் கொடுத்து வைத்தேன். தள்ளும் நாளில் அதனை எடுத்துவிட வேண்டும். ஒருமுறை மறந்து, வண்டி கியரில் இருந்தும் எந்திரம் சுழலாதது கண்டு யான் திகைத்ததும், கட்டிலிலிருந்து சிரிப்பொலி எழுந்ததும் இங்கே விரிக்க வேண்டுவதில்லை.

இனி, எங்கள் நாட்டுக்கே உரிய ஒரு தொல்லை. பெரம்பலூரை அடுத்த சாத்தனூரில் ஏறத்தாழ 12 கோடி ஆண்டுக்கு முற்பட்ட மரம் ஒன்று கல்லாய்க் கிடப்பதை அன்பர்கள் கண்டிருக்கலாம். அக்காலத்தில் இப்பகுதி கடலோரம்; பின்னும் நெடுங்காலம் கடல் இங்கே ஏறியிறங்கிற்று. அக்கடலில் வாழ்ந்து மடிந்த சிப்பிகளும் நுண்ணுயிர்களும் சேர்ந்ததே அரியலூர்ச் சுண்ணாம்புக் கல். அக்கல்லின் வழியே ஊறி வரும் கிணற்று நீர் உப்பேறியது. சோறு வடிக்கும் பானையில் வெள்ளைப் படலம் கட்டும். அதே நீரை ரேடியேட்டரில் ஊற்றினால், அதன் நுண்குழாய்களிலும் கல்லாய்ப் படியும். கோடிக்கணக்கான ஆண்டுக்கு முன்னே இறந்த சிப்பி ஒன்று எங்கள் ஹெரால்டின் வழியை அடைத்துக்கொண்டிருந்தது என்று எண்ணும்போது எனக்குச் சினம் வரவில்லை, வியப்பே வந்தது. இதற்கு மருந்து வானத்திலிருந்து இலவசமாக வந்தது. முதல் மழையைத் தரையில் ஓடவிட்டு, இரண்டாம் மழையை மாடியில் வெள்ளைத் துணி கட்டிப் பானையிற் பிடித்தேன். இருமுறை அந்நீரால் அலசி, மூன்றாம் முறை நிரப்பி, மாமாவின் டிராக்டருக்கு வாங்கியதில் மீந்திருந்த துருத்தடுப்பு நீர்மத்தையும் அதிற் கலந்தேன். பாட்டரிக்கு மட்டும் மழைநீர் ஆகாது. அதற்குக் காய்ச்சி வடித்த நீரே வேண்டும். 100 ரூபாய். பாட்டரியைக் கழற்றி வீட்டினுள் பலகைமேல் வைத்து, மாதத்துக்கொருமுறை மாமாவின் கருவியால் மின்னேற்றினோம்.

சுண்ணாம்பு பகையாவது நீரில்தான். காற்றில் அதுவே நட்பு. சூளையிலிருந்து இரண்டு கிலோ கற்சுண்ணாம்பை 40 ரூபாய்க்கு வாங்கி வந்து, இரண்டு மண்பானைகளில் பாதிமட்டும் இட்டு, வாயைத் துணியாற் கட்டி, காரினுள் செங்கல்மேல் வைத்தேன். அது காற்றிலுள்ள ஈரத்தை உண்டு நீற்றுச் சுண்ணாம்பாகும். 56 பங்கு கற்சுண்ணாம்பு 18 பங்கு நீரைக் கொள்ளும் என்பது வேதியியற் கணக்கு. அதாவது கிலோ ஒன்றுக்கு ஏறத்தாழ 320 கிராம். நீறும்போது அது பருக்குமாதலின் பானையை நிரப்பலாகாது. மேற்கூரை ஒழுகி நீர் பட்டால் கொதிக்குமாதலின் ஒழுக்குள்ள இடத்தில் வைக்கலாகாது. கண்ணிற் படவும் கூடாது. கார்த்திகைக் கடைசியில் நிறுத்துப் பார்த்தபோது பானைகள் இரண்டும் கனத்திருந்தன. அந்த நீரெல்லாம் இருக்கையிலும் தரைவிரிப்பிலும் இறங்கியிருக்க வேண்டியது.

பெட்ரோலைப்பற்றி மட்டும் பாட்டனாருடைய பழைய அறிவு எனக்கு உதவவில்லை. டாங்கு நிறையப் பெட்ரோல் வைத்துவிட்டால் ஈரம் புக இடமிராது என்பது அவர் காலத்து விதி. 2025-இல் நாடெங்கும் கிடைத்த பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலந்திருந்தது. எத்தனால் நீரைத் தன்பால் ஈர்க்கும். நீர் மிகுந்தால் பெட்ரோலை விட்டுப் பிரிந்து டாங்கின் அடியில் தங்கும். பழைய காலத்து ரப்பரையும் நெகிழச் செய்யும். இதனை யான் படித்துக் கூறியபோது அவர் நெடுநேரம் பேசாதிருந்து, "அப்படியானால் வடித்துவிடு" என்றார். ஐம்பது ஆண்டுப் பழக்கத்தை ஒரு சொல்லில் மாற்றிக்கொண்ட அப்பெருந்தன்மை எனக்கு வராது. டாங்கை வடித்து, கார்புரேட்டரில் எஞ்சியதும் தீரும்வரை எந்திரத்தை ஓடவிட்டேன். பழைய ரப்பர்க் குழாய்களை நீக்கி, எத்தனாலைத் தாங்கும் குழாய் வாங்கி மாற்றியதற்கு 150 ரூபாய்.

எஞ்சியது ஒன்று. அதுவே பாட்டனார் தம் வாழ்வில் மறவாதது. ஹெரால்டின் முன்சக்கரம் ஒவ்வொன்றும் கீழே டிரனியன் என்னும் வெண்கலத் துண்டினுள் மரைபோல் திரும்பும் தண்டின்மேல் நிற்கின்றது. அதற்குக் கிரீசு இடலாகாது. கியர் ஆயில்தான் இடவேண்டும். கிரீசு உள்ளே சென்று பரவாது. மேலே அடைத்துக்கொண்டு, நீர் புகுந்து தண்டை அரிப்பதை மறைத்து வைக்கும். 1983-இல் ஒரு தொழிற்கூடத்தில் அறியாமல் கிரீசையே திணித்து அனுப்பிவிட்டனர். சில மாதம் கழித்து, வளைவொன்றில் முன்சக்கரம் முறிந்து வண்டியின் கீழ்ச் சாய்ந்தது. வண்டி மெல்லச் சென்றமையால் எவர்க்கும் தீங்கில்லை. அன்று முன்னிருக்கையில் இருந்தவர், எட்டு வயதுச் சிறுவராக இருந்த என் தந்தையார். அதுமுதல் ஆண்டுதோறும் ஐப்பசியில் பாட்டனார் தம் கையாலேயே அவ்வெண்ணெயை ஏற்றிவந்தார். இவ்வாண்டு யான் ஏற்றினேன். 200 ரூபாய்க்கு வாங்கிய ஆயிலை எண்ணெய்த் துப்பாக்கியில் நிரப்பி, பழைய எண்ணெய் வெளியே கசியும்வரை அழுத்த வேண்டும். இடப்பக்கம் கசிந்தது. வலப்பக்கம் கசியவில்லை. "இன்னும் அழுத்து" என்றார். அழுத்தினேன். "போதாது" என்று கட்டிலிலிருந்து எழ முயன்று, வலக்கையை ஊன்றப்போய்ச் சரிந்தார். யான் ஓடிப் பிடித்தேன். அவர் என்னைப் பாராமல் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவ்வளவில் நிறுத்தினோம். மறுநாள் முளையைக் கழற்றி ஊசியால் அடைப்பை நீக்கியபின் எண்ணெய் எளிதாய் இறங்கியது.

மார்கழியில் மக்காச்சோளம் அறுவடையாகும். கொல்லை வெறுமையானதும் எலிகளெல்லாம் வீடு தேடி வரும். மின்கம்பியின் மேலுறை அவற்றுக்கு ஏனோ இனிக்கின்றது. நொச்சித் தழையும் வேப்பந் தழையும் எந்திரத்தைச் சுற்றிப் பரப்பினேன். அவற்றால் எலி அஞ்சுமோ அஞ்சாதோ, எனக்கு ஐயமே. உறுதியாகப் பயன் தந்தது, சந்து பொந்துகளைக் கம்பிவலையால் அடைத்ததுதான். சைலன்சர் வாயிலும் துணியைத் திணித்தேன். கிறிஸ்துமஸ் விடுமுறை முழுவதும் இரவில் இருமுறை விளக்கோடு சென்று பார்த்துவந்தேன். பிரேக் நீர்மமும் ஈரத்தை ஈர்ப்பதே; இரண்டாண்டுக்கொருமுறை அதனை மாற்ற வேண்டும். அதற்குப் பணமில்லாமையால் அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைத்தேன். செலவு 1,970 ரூபாய் ஆயிற்று; கையில் 30 ரூபாய் மீந்தது.

இடையில் மற்றொரு வழியும் வீட்டிற் பேசப்பட்டது. 2021 ஜூலையில் மத்திய அரசார் ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளைத் தொன்மை வண்டிகளாகப் பதிவுசெய்துகொள்ள விதி வகுத்தனர். அவ்வாறு பதிந்தால் மதிப்பு ஏறும்; ஆனால் கண்காட்சி, அணிவகுப்பு முதலியவற்றுக்கன்றி நாள்தோறும் சாலையில் ஓட்டலாகாது. "சந்தைக்குப் போகாத வண்டி வண்டியா?" என்று பாட்டனார் கேட்டதோடு அப்பேச்சு முடிந்தது.

பொங்கல் கழிந்த மூன்றாம் நாள். புடவைப் போர்வையை நீக்கி, பானைகளையும் தழைகளையும் மூங்கிற் கோலையும் எடுத்து, சக்கரங்களின் மிகைக் காற்றை இறக்கி, பாட்டரியைப் பூட்டினேன். பெட்ரோலுக்கு என் கையில் பணமில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தந்தையார் ஒன்றும் பேசாமல் தம் மோட்டார் சைக்கிளிலிருந்து இரண்டு லிட்டரைக் குழாய் வைத்து இறக்கித் தந்தார். அதனை யான் கணக்கிற் சேர்க்கவில்லை.

சோக்கை இழுத்துச் சாவியைத் திருகினேன். எந்திரம் நன்றாகச் சுழன்றது. ஒரு நொடி பற்றியது. உடனே மூச்சடைத்தாற்போல் நின்றது. மறுபடியும் அவ்வாறே. நான்காம் முறைக்கு என் கை நடுங்கியது. பிளக்கா, பெட்ரோலா, மின்சாரமா என்று நெஞ்சம் எல்லாவற்றையும் தேடிற்று. கட்டிலிலிருந்து பாட்டனார், "பாட்டரியை வீணாக்காதே, இறங்கி யோசி" என்றார். பானெட்டைத் திறந்தேன். ஹெரால்டின் முன்பக்கம் முழுவதும் சக்கர மூடிகளோடு முன்னோக்கிக் கவிழும். டயர்மேல் அமர்ந்துகொண்டே வேலை செய்யலாம். அவ்வாறு அமர்ந்து யான் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டிருந்தபோது, தந்தையார் மெல்ல வண்டியின் பின்புறம் சென்று குனிந்தார். அவர் நிமிர்ந்தபோது கையில் ஒரு கந்தைத் துணி இருந்தது.

"இதிற் சிவப்புக் கயிறு கட்டி, முனையை ஸ்டீரிங்கில் மாட்டி வைக்கவேண்டும். அப்போதுதான் மறக்காது" என்றார். பின்னர்ப் பாட்டனாரைப் பார்த்து, "கயிறு கட்டுவது என் வேலை. இல்லையா அப்பா?" என்றார்.

பாட்டனார், "நீயும் ஓராண்டு மறந்தாய்" என்றார்.

எந்திரம் அடுத்த முறை பற்றியது. நீலப்புகை சிறிது நேரம் எழுந்தது. உருளைகளில் வார்த்த எண்ணெய் எரிந்து தீர்ந்ததும் அடங்கியது.

அன்று பிற்பகல் பாட்டனாரை முன்னிருக்கையில் அமர்த்திக் கரைவெட்டி ஏரிக்குச் சென்றோம். யான் ஓட்டினேன், தந்தையார் பின்னிருக்கையில் முழங்கால் மடக்கி அமர்ந்திருந்தார். இமயத்தைக் கடந்து ஆண்டுதோறும் குளிர்காலத்தில் அங்கு வரும் வரித்தலை வாத்துகள் நீரின் நடுவே கூட்டமாய் அமர்ந்திருந்தன. 2024-இல் அவ்வேரி ராம்சார் ஈரநிலங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டதை அறிவிக்கும் பலகையைப் பாட்டனார் எழுத்துக் கூட்டிப் படித்தார். வாத்துகளை அவர் அதிகம் பார்க்கவில்லை. எந்திரத்தின் ஓசை ஓய்ந்தபின்னும் அதனையே கேட்பவர்போல் இருந்தார். வணிகர் அதன்பின் இருமுறை தொலைபேசியில் அழைத்தார். தந்தையார் இன்னும் விடை கூறவில்லை. கடனும் தீரவில்லை.

திரும்புமுன் தந்தையார் வண்டியைச் சுற்றி வந்து, வலப்பக்கத்து முன்சக்கரத்தைக் காலால் அழுத்திப் பார்த்தார். குனிந்து டிரனியன் இருக்கும் இடத்தைத் தடவி, விரலில் ஒட்டிய எண்ணெயை முகர்ந்தார். "எண்ணெய் இருக்கிறது. காற்றுத்தான் குறைவு, அரியலூரில் பிடித்துக்கொள்வோம்" என்றார். நான்கு சக்கரத்திற்கும் காற்றுப் பிடித்து, அந்த 30 ரூபாயை அங்கே கொடுத்தேன்.